வாய்க்காலும் வைத்தியமும்

நோய் வந்த பிரஜைக்கு வைத்தியம் செய்யும் பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்ததா, அல்லது அவரவர் பணப்பையையும் அதிர்ஷ்டத்தையும் சேர்ந்ததா? கேள்வி பழையது. 1948-ம் வருஷத்தில் இங்கிலாந்து இதற்கு ஒரு விடை கண்டது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னரே நம் தேசத்திலும் ஒரு கமிட்டி தக்க விடையை எழுதி வைத்துவிட்டது. ஆயினும் விவாதம் ஓயவில்லை. சின்னமனூரின் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் இன்றைக்கும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

விவாதத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் நம் போன்ற நடுத்தரக் குடும்பத்தினர். "எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகள் ஆகிவிட மாட்டார்களா? நாம் கட்டும் வரிப் பணத்தில் ஊரார் நோயையெல்லாம் தீர்க்க முடியுமா?" என்கிறார்கள். இவை அலட்சியப்படுத்தத் தக்க கேள்விகளல்ல. நாலும் தெரிந்த மனிதர்கள் கேட்பவை. ஆகவே பொறுமையுடன் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்கள் இதற்கு விடை தேடி இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. வயல் வரப்பு வரை போனால் போதும். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிய வேலை 1895-ம் வருஷத்தில் முடிவு பெற்றது. அந்த நீர் இன்றும் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு உயிராக இருக்கிறது. எவ்வளவு பெரிய மிராசுதாராக இருந்தாலும் தனியொருவராக அந்த அணையைக் கட்டியிருக்க முடியுமா? தம் தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொள்ள அவரால் முடியும். கிணறு வெட்ட வசதியில்லாத பக்கத்து வயல்காரன் கதி என்ன? மழை பொய்த்தால் அந்தக் கிணற்றின் கதிதான் என்ன?

அணையைக் கட்டிய அன்னிய சர்க்கார் தருமம் செய்யும் நோக்கத்துடன் கட்டவில்லை என்பது நமக்குத் தெரியும். நிலவரி பெருகும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். இருந்தாலும் ஒரு பெரிய உண்மை அதனால் விளங்குகிறது. எல்லோருக்கும் தேவைப்படுவதும், தனி மனிதரால் தேடிக்கொள்ள முடியாததும், ஒருவருக்குக் கிடைக்காவிட்டால் பலரைப் பாதிப்பதுமான ஒரு காரியத்தைப் பொதுப் பணத்தால்தான் செய்ய முடியும். அவ்விதம் வந்த தண்ணீரால் நம் விவசாயி சோம்பேறி ஆகிவிட்டானா? ஒரு போகம் விளைந்த இடத்தில் இரண்டு போகம் விளைவித்தான்!

"தண்ணீர் ஊருக்குப் பொது, வியாதி அவனவன் உடம்பைச் சேர்ந்ததல்லவா?" என்று ஓர் அன்பர் கேட்கலாம். வியாதிகளில் ஒரு பாதி அப்படிப்பட்டவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுவோம். அதே பெரியாற்று அணை வேலையின்போது மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர் கூடாரங்களில் எவ்வளவு நாசம் விளைவித்தது என்பது சரித்திரம். கொசு, கூலிக்காரனையும் துரையையும் பேதம் பாராமல் கடித்தது. பெரியம்மை நம் நாட்டை விட்டுத் தொலைந்ததாக 1977-ல் அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011-ம் வருஷம் ஜனவரியில் காணப்பட்டது. இவை தனிப்பட்டவர்கள் காசு கொடுத்து வாங்கிய வைத்தியத்தால் ஒழிந்தவையல்ல. சர்க்கார் ஊழியர்கள் தெருத் தெருவாகச் சென்று குத்திய ஊசியாலும், வாயில் விட்ட சொட்டு மருந்தாலும் ஒழிந்தவை. பணக்கார வீட்டுக் குழந்தையும் தப்பியது ஏழை வீட்டுக் குழந்தைக்கு மருந்து கிடைத்ததனால்தான்.

மற்றப் பாதியை எடுத்துக்கொள்வோம். வாழைத் தோட்டத்தில் அந்திப் பொழுதில் மடை மாற்றும் ஒருவனைப் பாம்பு கடித்துவிடுகிறது. இது ஒட்டுவாரொட்டி வியாதியல்ல. அவன் உடம்பைச் சேர்ந்த கஷ்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவன் நான்கு ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று விலை விசாரித்து எது மலிவு என்று தீர்மானிப்பானா? அவனுக்கு எத்தனை புட்டி விஷமுறிவு மருந்து வேண்டும் என்பது அவனுக்குத் தெரியுமா? சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது அழுத்திப் பார்க்கிறோம்; விலை படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். வைத்தியத்தில் சரக்கின் தரமும் அளவும் விற்பவருக்கு மட்டுமே தெரியும். வாங்குகிறவனோ 'வேண்டாம்' என்று எழுந்து போக முடியாத நிலையில் படுத்திருக்கிறான். இத்தகைய பேரத்துக்கு வியாபாரம் என்ற பெயர் பொருந்துமா?

அந்த விஷமுறிவு மருந்து வரும் வழியையும் பாருங்கள். செங்கற்பட்டுச் சீமையில் வடநெம்மேலியில், 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து விஷத்தை எடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டு மருந்து தயாரிக்கப்படுகிறது. சர்க்கார் அதை வாங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கிறது. இருளர் குடிமகன் ஒருவன் உயிரைப் பணயம் வைத்து எடுத்த விஷம், நம் பள்ளத்தாக்கு விவசாயியின் உயிரைக் காக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியேனும் நோயாளியின் பணப்பையைப் பார்த்துக் காத்திருக்குமானால் உயிர் தங்குமா?

திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில், நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவன் என வைத்தியத்துக்கு நான்கு பகுதிகள் வகுத்திருக்கிறார். ஐந்தாவதாகப் 'பணம்' என்று ஒன்றை அவர் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தது நம் காலம்!

சர்க்கார் வைத்தியசாலை என்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே 'வீரசோழன்' என்ற பெயருடன் 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலை நடந்து வந்ததையும், வைத்தியர், ரண சிகிச்சை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்டிர், மருந்துச் சரக்குகள் ஆகியவற்றுக்கு ஏற்பட்ட மானியத்தையும் அது சொல்கிறது. வைத்தியர்களுக்கு நிலம் விட்ட செய்திகள் வேறு பல கல்வெட்டுகளிலும் உண்டு. பொது வருமானத்திலிருந்து வைத்தியம் செய்விப்பது ராஜ தருமம் என்பதைத் தமிழர் எவரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

இடையில் அந்த தருமம் தேய்ந்தது. அன்னியர் ஆட்சியில் பெரிய பட்டணங்களில் ஆஸ்பத்திரிகள் எழுந்தன; கிராமங்களோ சாமியையும் நாட்டு வைத்தியரையும் நம்பி இருந்தன. தேசிய இயக்கத்தார் இதைக் கவனியாமல் இல்லை. 1937-ல் அமைந்த இராஜாஜி மந்திரி சபையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தார். 1939-ல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இந்தியாவிலேயே இத்தகைய சட்டத்துக்கு இதுவே முதன்மையானது என்பார்கள். தமிழ்நாட்டில் அது இன்றும் அமுலில் இருக்கிறது.

அடுத்து 1943-ல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. நம்மவரான டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியார் அதில் ஓர் அங்கத்தினர். 1946-ல் வெளிவந்த அதன் அறிக்கையின் மூலக் கொள்கை எளிமையானது: பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது. உடனடி ஏற்பாடாக 40,000 ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது கமிட்டி. நோய் வந்த பின் மருந்து கொடுப்பதையும், வராமல் தடுப்பதையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்றது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், ஜனங்களின் போஷாக்கையும் சுகாதாரத்தையும் உயர்த்துவது சர்க்காரின் தலையாய கடமைகளில் ஒன்று என 47-வது ஷரத்தில் கூறுகிறது. ஆனால் அது வழிகாட்டும் கொள்கை மட்டுமே. கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றிக்கொள்ளும் உரிமையாக எழுதப்படவில்லை. கொள்கைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள அந்தச் சந்தில்தான் எண்பது வருஷங்களாக ஏழையின் வியாதி சிக்கிக் கிடக்கிறது.

நிற்க. சர்க்கார் வைத்தியத்தால் பலன் உண்டா என்று பார்ப்போம். 2018-20 வருஷக் கணக்கின்படி, லட்சம் பிரசவங்களுக்குப் பாரத தேசம் முழுவதிலும் 97 தாய்மார் இறந்தனர்; தமிழ்நாட்டில் 54. 2020-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையுமுன் இறந்தவை தேசத்தில் 28, தமிழ்நாட்டில் 13. நம் ஜனங்கள் மற்ற மாகாணத்தாரை விடப் பிறவியிலேயே உறுதியானவர்களா? இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாதியர் முறை வைத்து இரவும் பகலும் இருந்தனர். பிரசவ காலத்து உதவித் தொகை 1987 முதல் கிடைத்தது. 108 வண்டி 2008 முதல் ஓடியது. சிறிய சிறிய மடைகள் ஒழுங்காகத் திறந்ததால் கடைசி வயல் வரை தண்ணீர் பாய்ந்தது.

மருந்து விஷயத்திலும் ஒரு நல்ல திருஷ்டாந்தம் உண்டு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. மாகாணம் முழுவதற்கும் வேண்டிய மருந்துகளை, கம்பெனிப் பெயரைப் பாராமல் மூலப் பெயரில், மொத்தமாக டெண்டர் மூலம் வாங்குகிறார்கள். சோதனைச் சாலைக்கு அனுப்பித் தரம் பார்க்கிறார்கள். ஜில்லாக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாங்கியில் இருப்பது போன்ற 'பாஸ் புத்தகம்' கொடுத்து, அதன் தேவைக்கு ஏற்ப வழங்குகிறார்கள். நாம் மருந்துக் கடையில் ஒரு பட்டை மாத்திரை வாங்குகிறோம். சர்க்கார் கோடிக்கணக்கில் வாங்குகிறது. பேரம் யாருக்கு மலிவாகப் படியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இந்த வழியையே மேற்கொண்டன. 'சர்க்கார் செய்தால் வீண் செலவு' என்ற பழமொழிக்கு இந்த ஓர் உதாரணமே போதிய பதிலாகும்.

இனி, எதிர்க்கட்சியாரின் பலமான வாதங்களுக்கு வருவோம்.

"தனியார் தருமமே இதைச் செய்யுமே! மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பாரும்" என்பது ஒரு வாதம். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி ஆரம்பித்த அந்த ஸ்தாபனத்தை நாம் கைகூப்பித் தொழுகிறோம். வசதியுள்ளவரிடம் வாங்கி வசதியற்றவருக்குக் கண் கொடுக்கும் அற்புதம் அது. ஆனால் அந்த டாக்டர் நெடுங்காலம் மதுரைச் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் கண் வைத்தியத் துறைத் தலைவராக இருந்தவர் என்பதை மறக்கலாகாது. சர்க்கார் சேவையில் பழுத்த அனுபவமே பிற்காலத்தில் தருமமாகக் கனிந்தது. மேலும் கண் புரையைக் குறித்த நாளில் வரச் சொல்லி வரிசையாக நீக்கலாம். நள்ளிரவுப் பிரசவமும், விபத்தில் உடைந்த எலும்பும், கசநோயும் அவ்வாறு வரிசைக்கு வருவதில்லை. மகான்கள் பிறக்கும் ஊரில்தான் வைத்தியம் கிடைக்கும் என்று ஒரு தேசம் ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா?

"இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதே" என்பது இரண்டாவது வாதம். 2009-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருவது நல்ல ஏற்பாடுதான். குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. இருதய ஆப்பரேஷன் செய்துகொண்டு பிழைத்தவர்கள் நம் ஊர்களில் பலர் உண்டு. ஆனால் அட்டை பிரதானமாக உதவுவது ஆஸ்பத்திரியில் படுக்கும் நோய்களுக்கு. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுதும் தினமும் வாங்கும் மாத்திரை? மாதா மாதம் ரத்தப் பரிசோதனை? இருதயம் கெட்ட பின் லட்சங்களைக் கொடுக்கச் சித்தமாக இருக்கும் ஏற்பாடு, அது கெடாமல் காக்கும் மாத்திரைக்கு உதவாவிட்டால் என்ன பயன்? இதை உணர்ந்தே 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டு செல்லும் திட்டம் வந்தது. அட்டை, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் துணையாக இருக்கலாம். அதன் ஸ்தானத்தைப் பிடிக்கக் கூடாது.

அட்டை விஷயத்தில் நம் போன்ற குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குடும்பத்தின் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கே அந்தத் திட்டம். தொழிலாளர் காப்பீடு, பத்துப் பேருக்குக் குறையாத ஸ்தாபனங்களில், மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளக்காரருக்கு. சர்க்கார் உத்தியோகஸ்தருக்குத் தனி ஏற்பாடு. பணக்காரருக்கோ எதுவும் வேண்டாம். இந்த நான்கு கட்டங்களிலும் அடங்காதவர் யார்? அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை, சிறு துணிக்கடைக்காரர், இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தலை நம்பி, ஒரு வருஷம் லாபமும் மறு வருஷம் நஷ்டமும் காணும் விவசாயி. இவர்கள் ஏழைகள் என்று எழுதிக் கொடுக்க முடியாது. பத்து நாள் தீவிர சிகிச்சைக்குப் பணம் கட்டவும் முடியாது. ஒரு வியாதி போதும்: பெண்ணின் நகை போகும், பையனின் காலேஜ் படிப்பு நிற்கும், பந்தல் கைமாறும். வரம்பு கீறாமல் எல்லோரையும் உள்ளே விடும் கதவு ஒன்றுதான் இருக்கிறது. அது சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவு.

"அங்கே போக முடிகிறதா? கூட்டம், அசுத்தம், கைக்கூலி, ஏச்சு" என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. மறைப்பதற்கில்லை. ஆனால் காரணத்தை யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் நாள்தோறும் காணும் விஷயம் ஒன்று உண்டு. கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் தம் குழந்தைகளை வேறிடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால், கூரை ஒழுகுவதைப் பற்றி மனுப் போட ஆளில்லாமல் போகிறது. வைத்தியசாலையிலும் அதுவே நடந்தது. படித்தவர்களும், பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தவர்களும், அதிகாரியை நேரில் கண்டு பேசத் துணிந்தவர்களும் விலகினார்கள். பேசாமல் சகித்துக்கொள்ளும் ஜனங்கள் மிஞ்சினார்கள். ஏழைகளுக்கு மட்டுமென்று ஒதுக்கிய ஸ்தாபனம் தானும் ஏழையாகிவிடுகிறது.

கடைசி வாதம் பணம். தேசத்தின் மொத்த உற்பத்தியில் சர்க்கார் சுகாதாரச் செலவு 2025-க்குள் 2.5 சதவிகிதமாக வேண்டும் என்று 2017-ல் தேசிய சுகாதாரக் கொள்கை சொல்லிற்று. 2021-22 கணக்கில் அது 1.84 சதவிகிதம். அதே வருஷத்தில் தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் ஜனங்கள் தம் கையிலிருந்து நேராகக் கொடுத்தது 39.4 சதவிகிதம். 2013-14-ல் இது 64.2 ஆக இருந்தது என்பதால், குறைந்திருப்பது நல்லதே. ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 'சர்க்காருக்குப் பணம் ஏது?' என்று கேட்கும்போது, செலவு இல்லாமலே போய்விடுவதில்லை; அதை நோயாளி கட்டுகிறான். வரியாகக் கொடுத்தால் ஆரோக்கியமாகச் சம்பாதிக்கும் நாட்களில் சிறுகச் சிறுகக் கொடுக்கிறோம். கையிலிருந்து கொடுத்தால் சம்பாத்தியம் நின்று படுத்திருக்கும் நாளில் மொத்தமாகக் கொடுக்கிறோம். எது புத்திசாலித்தனம் என்று குடும்பம் நடத்தும் தாய்மார்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

பணம் போதாத இடத்தில் பொது வைத்தியமும் தள்ளாடும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-ந் தேதி பிறந்த தேசிய சுகாதார சேவையில், இன்று ஆப்பரேஷனுக்காக மாதக் கணக்கில் காத்திருப்போர் ஏராளம். அண்டை நாடான இலங்கையில் 1934-35-ல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதே நாடு இலவசப் பொது வைத்தியத்தைப் பேணி வளர்த்து, 2016-ல் மலேரியா அற்ற தேசம் என்ற நற்சான்று பெற்றது. ஆனால் 2022-ல் கஜானா வறண்டபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. இருப்பினும் இவ்விரு தேசத்தாரும் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும் என்று கேட்கவில்லை; சீர்படுத்த வேண்டும் என்றே கேட்கிறார்கள். அணையில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் அணையை இடிக்கச் சொல்லும் விவசாயி எங்கே இருக்கிறான்?

ஆகவே நமது முடிவு இது. தேச மக்கள் அனைவருக்கும் வைத்தியம் அளிப்பது சர்க்காரின் கடமை. அதைச் சட்டபூர்வமான உரிமையாகவும் ஆக்க வேண்டும். 2023-ல் ராஜஸ்தான் அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. முன்னணியில் நிற்கும் தமிழ்நாடு இதில் பின்தங்கலாமா? தனியார் வைத்தியர் இருக்கட்டும். விரும்பியவர் அங்கே போகட்டும். ஆனால் வேறு வழியில்லாமல் எவரும் அங்கே போகக் கூடாது.

நம் பள்ளத்தாக்கைப் பொறுத்தமட்டில் செய்ய வேண்டியது என்ன? 2004-ல் கானாவிலக்கில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது பெரும் பாக்கியம். ஆனால் அது தேனியையும் தாண்டி இருக்கிறது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் தொழிலாளிக்கும், விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலமலைக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களே அருகில் உள்ளவை. இவ்வூர்களின் ஆஸ்பத்திரிகளில் எந்த இரவிலும் பிரசவமும் விபத்தும் பார்க்கத் தக்க டாக்டர்களும், மயக்க மருந்து கொடுப்பவரும், ரத்தமும் இருக்க வேண்டும். பெரிய அணை மட்டும் இருந்து கிளை வாய்க்கால் தூர்ந்து போனால் கடைமடை காயும். 'மேலே கொண்டு போங்கள்' என்று சீட்டெழுதுவது வைத்தியமாகாது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வாசகர்கள் அடுத்த முறை சாதாரணக் காய்ச்சலுக்கோ, ரத்தப் பரிசோதனைக்கோ, குழந்தையின் தடுப்பு ஊசிக்கோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். நல்ல தாதியைக் கண்டால் நன்றி சொல்ல வேண்டும். மருந்து இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். பெரியாற்றுத் தண்ணீர் வரும் நாளில் வாய்க்காலைத் தூர் வாரச் சொல்லி விவசாயிகள் திரண்டு நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் பெரிய பண்ணைக்காரரும் அரை ஏக்கர்க்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஏனெனில் இருவர் வயலுக்கும் ஒரே தண்ணீர்.